ஆம்செல்ராய்ட்டர் நாலு பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாம்பர்க்கிலிருந்து புர்கி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் பனியைத் தாங்குகிறதா? நான் நலம்தான். இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

செவ்வாயன்று நான் நர்ஸாக வேலை பார்க்கும் வார்டில் தலைமை நர்ஸ் "ஆம்செல்ராய்ட்டர்!" என்று கூப்பிட்டார். நான் "இதோ" என்றேன். கால் முறிந்து படுத்திருந்த பெரியவர் ஒருவரும் "இதோ" என்றார். வார்டே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் குடும்பப் பெயர், கருங்குருவிக் காட்டைத் திருத்தி உண்டாக்கிய நம் ஒரே பண்ணையிலிருந்து மட்டும் வந்ததல்லவா? இந்நகரத் தொலைபேசிப் புத்தகத்தில்கூட அது இல்லை.

"நீ அலோய்ஸ் மகளா?" என்றார் பெரியவர்.

"அப்பாவைத் தெரியுமா?"

"கூடப் பொறந்தவனைத் தெரியாதா? நான் கோர்பினியன்."

"சித்தப்பா போர்ல செத்துட்டதா அப்பா சொன்னாரே!"

"சொல்லட்டும். பண்ணை அண்ணனுக்குன்னு ஆனதும் கோவிச்சுக்கிட்டு வந்தவன், ஒரு கடுதாசி போட்டேனா? அது கிடக்கு, ஊர்ல நம்ம பேர்க்காரங்க எத்தனை பேரு?"

"அப்பா, அம்மா, நான். மூணு பேர்தான்."

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னையும் சேத்துக்குவானா? கேட்டுச் சொல்லு."

அப்பா, கோபப்படாதீர்கள். உங்களைக் கேட்காமலே "நாலு பேர்தான், சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்துதான் இந்தத் தவிப்பு.

சனிக்கிழமை அவரை அனுப்பிவிடுவார்கள். துறைமுகத்துப் பக்கம் அவர் குடியிருக்கும் அறையில் அவருக்குத் துணையாக ஒருவரும் இல்லை. எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பும்போது பெரியதாக ஒரு ஜோடி சேர்த்து வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள். மணி அடிக்கிறது, ஓடுகிறேன். அவர் காலும் உங்கள் அளவுதான், அப்பா.

உங்கள் மகள்,
புர்கி