இரவல் குரல்

2025 மார்ச் 4
கம்பளையில் கல்யாண வீடு. ஐந்து பாட்டுப் பாடினேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் மாமா வந்தார். "அந்த டெலி நாடகத்துல அழுத புள்ள நீதானே? அந்த வசனத்தைச் சொல்லு பாப்போம்."

ஏழு வயதில் நடித்த சிங்கள நாடகம். இன்னும் விடமாட்டேன் என்கிறது. அந்தக் குரல் என்னுடையதே இல்லை, ஐயா! என் சிங்களத்தில் தேயிலைத் தோட்ட வாடை அடிக்கிறதென்று வேறொரு பிள்ளையைப் பேச வைத்தார்கள். நான் வாயசைத்ததோடு சரி.

மார்ச் 19
கண்டி ஸ்டுடியோவில் என் முதல் சொந்தப் பாட்டைப் பாடினேன். சிங்களப் பாட்டு, இசை சுதேஷ். எங்கள் கலஹா ஊர்க்காரன். அம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்பவாச்சும் ஒங் கொரல ஊரு கேக்கட்டும்டி" என்று அழுதாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

ஏப்ரல் 2
வாவிக்கரையில் வீடியோ எடுத்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். என் பாட்டு — குரல் வேறு எவளுடையதோ.

"கோவிச்சுக்காத கலா. காசு போட்டவங்களுக்கு ஒன் உச்சரிப்பு ஒத்துவரல. பேரு ஒன் பேருதான்" என்றான் சுதேஷ்.

"நீயும் தோட்டத்துக்காரன்தானேடா!"

"அதனாலதான் சொல்றேன். இப்ப நடிக்காட்டி மொகத்தையும் மாத்திருவாங்க."

அடப்பாவி. நடித்தேன். எனக்கு வெட்கமே இல்லையா?

மே 25
பஸ்ஸெல்லாம் அந்தப் பாட்டுத்தான். அம்மா லயத்து வீடுகள் முழுக்கப் போட்டுக் காட்டுகிறாளாம். "அப்படியே எங் கொரலுடி. எம் பொண்ணுல்ல!"

"ஆமாம்மா" என்று போனை வைத்தேன்.

ஜூன் 14
வத்தேகமவில் மியூசிக்கல் ஷோ. அந்தப் பாட்டையே கேட்டார்கள். இன்றைக்கு என் குரலிலேயே பாடிவிடுவது என்று போனேன். ஒரே ஒரு தடவை. ஊர் கேட்கட்டும்.

இரண்டாவது வரியிலேயே ஊளை. "அவ இல்ல இது! டூப்பு!" பாடப் பாடக் கத்தினார்கள். வாத்தியக் குழு நடத்தும் பவாஸ் பக்கத்தில் வந்தான். "வேணாம் கலா, ரெக்கோர்ட போடுறன்" என்றான்.

போட்டான். எல்லோரும் எழும்பி ஆடினார்கள். நான் வாயசைத்தேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

ஜூன் 28
மறுபடி கம்பளை. மைக்குக்குப் பேட்டரி வாங்கவா என்று பவாஸ் கேட்டான். வேண்டாம் என்றேன்.