ஆபீஸ் என்ற சொல்

கவரைப்பேட்டை,
11-3-1973

அன்புள்ள ஆதிநாராயணன் அண்ணனுக்கு,

மணவாளன் எழுதுகிறேன். நலம் கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. உங்கள் தம்பி துலுக்காணம் எட்டு நாளாகப் பொன்னேரி சப்-ஜெயிலில் இருக்கிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தந்தி அடித்தால் பம்பாயில் தனியாக இருக்கும் நீங்கள் பதறிப்போவீர்கள் என்று அவன் பெண்சாதி செங்கம்மாள் தடுத்துவிட்டாள்.

இங்கே புது இரும்பு ஆலைக்கு நூற்றைம்பது அடியில் புகைபோக்கி கட்டுகிறார்கள். சாமான்களை மேலே ஏற்றும் விஞ்ச் துலுக்காணத்தின் பொறுப்பு. விஞ்ச் தகரக் கொட்டகைக்குள் இருப்பதால் அவனுக்கு உச்சி தெரியாது. நான் அடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பேன். உங்கள் துறைமுகத்துச் சொற்கள்தான் இங்கேயும். ‘ஆபீஸ்’ என்றால் தூக்கு, ‘ஆரியா’ என்றால் இறக்கு. உச்சியில் நிற்கும் குப்பன், “எங்க வம்சத்துல எவன்டா ஆபீஸ் போனான்? நான் தெனம் போறேன்” என்பான். எல்லோரும் சிரிப்போம்.

சிரித்தோமே தவிர பயம் இருந்தது. கலவை மெஷின் ஓடும்போது ஒரு சொல்லும் சரியாகக் கேட்காது. மின்சார மணி ஒன்று வைத்தால் ஒருமுறை அடித்தால் நிறுத்து, இருமுறை அடித்தால் தூக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்று துலுக்காணம் இன்ஜினியரிடம் இரண்டு தரம் கேட்டான். “இங்கே பள்ளிக்கூடமா நடக்குது, மணி அடிக்க?” என்றார் அவர்.

3ஆம் தேதி சனிக்கிழமை அரை டன் இரும்பு வளையம் ஏறிக்கொண்டிருந்தது. நூற்றிருபது அடியில் சாரத்தில் மாட்டிக்கொண்டது. நிறுத்தச் சொன்னேன், துலுக்காணம் நிறுத்தினான். குப்பன் கடப்பாரையோடு வெளியே சாய்ந்து அதை நெம்பினான். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்தது. மேஸ்திரிகளைக் கூப்பிட ஓடிவந்த இன்ஜினியர், கொட்டகைக்குப் பின்னால் நின்று “ஆபீஸ்! ஆபீஸ்!” என்று கத்தினார். எல்லாரும் ஆபீசுக்கு வாங்க என்று அவருக்கு அர்த்தம். துலுக்காணம் தூக்கினான்.

குப்பன் கீழே வந்தான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இப்போது யாரும் கத்தவே இல்லையாம். விஞ்ச் ஓட்டியவன் சாராயம் குடித்திருந்தானாம். அண்ணா, அவன் அன்று காலை நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்களா? இல்லை. இன்ஜினியர் படித்தவர், இவன் பழவேற்காட்டு மீன்காரன். சோதனை அதோடு முடிந்துவிட்டது.

மறுநாள் பச்சையப்பன் மேஸ்திரி என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனார். அதையே நான் சொன்னதாக டைப் அடித்த காகிதம் மேசைமேல் இருந்தது. “இத பார் மணவாளா, யாரும் கத்தல. அவனும் குடிக்கலன்னா, அப்ப சிக்னல் குடுத்தவன் நீ. உள்ள போறது அவனா நீயா, நீயே சொல்லு. சும்மா பேஜாரு பண்ணிக்கினு நிக்காத” என்றார். வெளியே என் அம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல், கொடுத்த டீயை அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், அண்ணா. என்னைத் திட்டுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

செங்கம்மாளுக்கு இது தெரியாது. “என் வீட்டுக்காரர் கூட மணவாளன் அண்ணன் இருந்துச்சு, அது கோர்ட்ல வந்து சொல்லும்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். நேற்று வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். “இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாட்சி சொல்றவங்க தெம்பா இருக்கணும்” என்றாள்.

வக்கீலிடம் போனேன். எழுதிக் கொடுத்ததை மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி என்று என்னையும் பிடிப்பார்களாம். சொல்லாவிட்டால் துலுக்காணத்துக்கு இரண்டு வருஷம்வரை கிடைக்கலாமாம். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வருகிற 19ஆம் தேதி திங்கட்கிழமை கேஸ். கையெழுத்துப் போட்டது நான்தான் என்று நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள். அவள் எதிரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்லிவிட்டு அவளையும் என்னையும் ஒரே வண்டியில் கோர்ட்டுக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அந்தக் காகிதம் பொய் என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். நீங்கள் வராவிட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. லீவு தரமாட்டேன் என்றால், தம்பி செத்துவிட்டான் என்று சொல்லியாவது வாருங்கள்.

உங்கள் தம்பி என்று எழுதத் தகுதி இல்லாத,
மணவாளன்