யாழினி போட்ட மார்க்

டிச. 24, புதன்

காலையில் நல்ல பனி. பத்து மணி வரை ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சி தெரியவில்லை. அரையாண்டு லீவு ஆரம்பம். பைக் ரிப்பேர் கடையை ஞாயிறு வரை அடைத்துவிட்டேன். இரண்டு வண்டி பிரித்தபடி கிடக்கிறது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மகள் யாழினி கெட்டியாக எதையும் விழுங்கி மூன்று மாதம். ஆறு வயது, பதினான்கு கிலோ. அன்று கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தவளைச் சிரிக்க வைத்தது நான்தான். பஸ் ஹாரன் மாதிரி கத்திக் காட்டினேன். தொண்டையில் அடைத்துக்கொண்டது. முதுகில் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அப்போது அவள் முகம் இருந்த நிறத்தை எழுத விருப்பமில்லை. அதிலிருந்து மசித்த பால் சாதம், கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கட். வேறு எது கிட்டே வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

பாண்டிச்சேரி டாக்டர் போன வாரம் சொன்னது: தொண்டையில் ஒன்றுமில்லை, பயம்தான். ஊட்டாதீர்கள். கெஞ்சாதீர்கள். சாப்பிடும்போது அவள் வாயையே பார்க்காதீர்கள். நீங்கள் புதுசு புதுசாகச் சாப்பிடுங்கள், அவள் பார்க்கட்டும். வெளியே கூட்டிப் போங்கள்.

என் மனைவி சுமதி அதை விளையாட்டாக மாற்றிவிட்டாள். தினம் ஒரு புதுத் தீனி. சாப்பிடுவது நானும் அவளும். யாழினி ஜட்ஜ். தொடலாம், மோந்து பார்க்கலாம், பத்துக்கு மார்க் போடலாம். சாப்பிட வேண்டியதில்லை.

இன்று டிராகன் பழம். வெட்டியதும் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள எறும்பு இருக்குது."

"விதைம்மா அது" என்றாள் சுமதி.

"எறும்புதான். நைனா எறும்பு தின்னுது."

மார்க் 2. எனக்கும் அவ்வளவுதான் தோன்றியது. தண்ணீரில் சர்க்கரை போட மறந்த மாதிரி ஒரு ருசி. ஆனால் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அது போதும் என்றாள் சுமதி.

டிச. 25, வியாழன்

சிங்கவரம் மலைக்கோயில். மூவரும் பைக்கில். வழியெல்லாம் ஈர நெல் வாசனை. படியேறியதில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது, யாழினிக்கு இல்லை. படுத்திருக்கும் பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கினே சாப்ட்டா அடைச்சிக்காதாம்மா இவருக்கு?"

"எழுந்து உக்காந்துதான் சாப்புடுவாரு. நாம போனப்புறம்."

கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடிவாரத்தில் பஞ்சுமிட்டாய். சுமதி கொஞ்சம் பிய்த்து நாக்கில் வைத்து, வாயைத் திறந்து காட்டினாள். காணோம். "எங்க போச்சு?" என்றாள் யாழினி. மறுபடி காட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை அவளே ஒரு நூல் அளவு பிய்த்தாள். நான் திரும்பி வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"காணாப் போயிடுச்சு" என்று பின்னால் அவள் குரல்.

மார்க் 9. சர்க்கரைதான். ஆனாலும் மூன்று மாதத்தில் அவளாக வாயில் வைத்த முதல் புதுப்பொருள்.

டிச. 26, வெள்ளி

சந்தை நாள். ஆட்டுக்கூட்டத்தில் நுழைந்து வெளியே வருவதற்குள் செருப்பு அறுந்தது. யாழினி கை காட்டியதெல்லாம் வாங்கினோம்: காளான், பீட்ரூட், கண்ணாடி மாதிரி பளபளக்கும் கத்தரி, இரண்டு வெண்ணெய்ப்பழம், அதான் அவகாடோ.

இன்று என் தப்பு. நேற்றைய தைரியத்தில் செய்தது. வெண்ணெய்ப்பழத்தை மசித்து வெல்லம் போட்டிருந்தது. வழவழவென்று இருக்கிறதே, இது தானாக இறங்குமே என்று நினைத்தேன். ஸ்பூனை நீட்டிவிட்டேன். "ஒரே ஒரு வாய்டா, நைனாவுக்காக." வாயைப் பொத்தினாள். அவள் கையை விலக்கினேன். உதட்டில் பட்டதும் குமட்டி, காலையில் குடித்த கஞ்சி அத்தனையும் வந்துவிட்டது. சாயங்காலம் வரை பால்கூட வேண்டாம் என்றாள்.

சுமதி கத்தவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உங்க மனசு ஆறணும்னு அவ சாப்புட முடியாதுங்க."



டிச. 27, சனி

தூறல். எங்கும் போகவில்லை. பீட்ரூட் வடை செய்தாள் சுமதி, கையெல்லாம் சிவப்பு. ஜட்ஜ் வர மறுத்துவிட்டார். ரூமில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நைனா தப்பு பண்ணிட்டன். இனிமே ஊட்ட மாட்டன்."

பொம்மைக்கு ஜடை பின்னி முடித்துவிட்டு, "உனக்கு ஜீரோ" என்றாள்.

"சரி."

"வடைக்கு மோந்து பாத்துட்டு சொல்றன்."

வடை 5.

டிச. 28, ஞாயிறு

வானம் வெளுத்தது. கோட்டைக்குப் போனோம். மலை ஏறவில்லை, கீழே கல்யாண மகால், யானைக்குளம், புல்தரை. ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம்.

யாழினிக்கு மசித்த பால் சாதம் தனி டப்பாவில். சுமதி பையைத் திறந்ததுதான் தெரியும், குரங்கு டப்பாவோடு மதில்மேல் இருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வழித்து வழித்துத் தின்றது. நான் கல் தேடினேன். சுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். யாழினி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பயந்தேன், பிறகு ஞாபகம் வந்தது, வாயில் ஒன்றும் இல்லை.

"குரங்குக்கு எவ்ளோ மார்க்?" என்றாள் சுமதி.

"பத்து. நைனாவவிட நல்லா தின்னுது."

ஒரு மணிக்கு யாழினிக்குப் பசி வந்துவிட்டது. எங்களிடம் புளிசாதமும், வாசலில் வாங்கிய உப்பு மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரியும். வீட்டுக்குப் போகலாமா என்றேன். "இரு" என்றாள். ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தாள். சுமதி எனக்குக் கண் காட்டினாள். நான் மகாலின் ஜன்னல்களை எண்ணினேன். மிளகாயை நக்கும் சத்தம். அப்புறம் நறுக்கென்று ஒரு சத்தம், முன்பல்லால். எண்ணிக்கை விட்டுப்போயிற்று, முதலிலிருந்து எண்ணினேன்.

சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைக் கையில் துப்பிக் காட்டினாள். மார்க் 7. வீட்டில் இரண்டு டம்ளர் கஞ்சி.

வரும் வழியில் ஒரு அம்மாவிடம் பனங்கிழங்கு ஒரு கட்டு. எங்கள் இருவருக்கும்தான்.

டிச. 29, திங்கள்

கடை திறந்தேன். ஒரு வண்டி முடிந்தது. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சுமதி கிழங்கை மஞ்சள் போட்டு வேகவைத்திருந்தாள். பல்லுக்கே வேலை கொடுக்கும் சாமான், ஜட்ஜ் மோந்து பார்ப்பதோடு சரி என்று நினைத்தோம். நான் தோலை உரித்து நாரை இழுத்துப் போட்டேன். யாழினிக்கு அந்த நார் பிடித்துவிட்டது. ஒவ்வொன்றாக இழுத்தாள். இழுத்துக்கொண்டே நுனியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

மென்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். இன்னொரு துண்டு. அப்போது இருமல் வந்தது.

நான் எழுந்துவிட்டேன். சுமதி என் கையைப் பிடித்தாள். விடவில்லை. யாழினி இரண்டு முறை இருமினாள், மூன்றாவதில் உள்ளங்கையில் துப்பினாள். கண்ணில் தண்ணீர். டம்ளரை எடுத்துக் குடித்தாள். துப்பியதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இருமுனா வந்துடுது நைனா" என்றாள், எனக்குப் பாடம் சொல்வது போல. "சின்னதா கடிக்கணும்."

சின்னதாகக் கடித்தாள். விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்துவிட்டேன், பார்க்கக் கூடாதுதான். ஒரு முழுக் கிழங்கு. மார்க் 6, நார் ஜாஸ்தியாம்.

சுமதி அடுப்படிக்குள் போனவள் வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. யாழினியும் நானும் உட்கார்ந்து இன்னும் இரண்டு உரித்தோம்.

கடைக்குப் போகும்போது மூன்றரை. அனந்தபுரத்துக்காரர் ஒருவர் வண்டியோடு நின்றிருந்தார்.

"சாப்புட இவ்ளோ நேரமாண்ணே?"

"ஆமாண்ணே. இன்னிக்கு நேரமாயிடுச்சு."