சங்கரன்கோவில் அன்று சைபர் இல்லை

அத்தை,

இன்று சாயங்காலம் கணக்குப் போட ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். ஸ்கேலில் இன்னும் தறி எண்ணெய் வாசனை இருக்கிறது. நீங்கள் போய் ஐந்து வாரமாகிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். நான் கழுவவில்லை. மூடி வைத்துவிட்டேன், கணக்கும் போடவில்லை.

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். நாளை வியாழக்கிழமை, நம் வகுப்பின் கடைசி நாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து வாரமாகப் பயந்து பயந்து களைத்தும் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் நோட்டின் மேல் தலை சாய்ந்துவிடுகிறது. நான் செய்ததை உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் தூக்கம் வரும் போலிருக்கிறது.

அந்த வகுப்பைப் பற்றி உங்களிடம் சொன்னதே விளையாட்டுக்குத்தான். பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஒரு கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு. கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. மேகத்தையும் மழையையும் பற்றிப் பாடம். பக்கத்து வீட்டு வாசலில் நீங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தை, உங்களுக்குக் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு!" என்று கத்தினேன். கத்தினால்தான் உங்களுக்குக் கேட்கும். நாற்பது வருஷம் தறிக்கூடத்தில் நூல் சுற்றிய காது.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தீர்கள்.

"ஏட்டி, எம்பேரப் போடு."

"எதுக்கு அத்தை? மழையில என்ன படிக்கக் கெடக்கு?"

"தறிக்குள்ள இருந்தா மழ பெய்யிறதே தெரியாதுட்டி. சோலி முடிஞ்சு வெளிய வந்தா தரை நனஞ்சு கெடக்கும். நாப்பது வருஷத்து மழைய நான் பாக்கவே இல்ல. இனிமேயாவது பாக்கேன்."

உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனிலேயே உங்கள் பெயரைப் பதிந்தேன். வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டு முன்னறையில் போனைச் சாய்த்து வைப்போம். நீங்கள் கேமராவுக்கு முன்னால், நான் கேமராவுக்குத் தெரியாமல் கதவோரம். அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள் சேரக் கூடாது என்று விதி. ஆனால் நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாடம் கேட்காது. டீச்சர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் காட்டுவேன். நீங்கள் வாசித்துவிட்டுத் தலையாட்டுவதற்குள் அவர் அடுத்த மேகத்துக்குப் போயிருப்பார்.

அந்த வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. பதினாறு பேரையும் டீச்சர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். "மேலநீலிதநல்லூர் வந்தாச்சா? ராயகிரி வந்தாச்சா? சங்கரன்கோவில் வந்தாச்சா?" முதல் நாள் நீங்கள் வெட்கப்பட்டீர்கள். "ஊரு பூராவுக்கும் நான் ஒருத்தியா பதில் சொல்லணும்?" என்றீர்கள். இரண்டாம் வாரமே, பக்கத்துத் தறிக்கூடத்தையும் தாண்டிக் கேட்கும்படி, "சங்கரன்கோவில் வந்தாச்சு!" என்று சத்தம் கொடுத்தீர்கள்.

"சங்கரன்கோவில், பேசி முடிச்சதும் மைக்கை அணைச்சிடுங்க. உங்க தறி எங்க எல்லார் வீட்லயும் ஓடுது" என்பார் டீச்சர்.

உடனே ராயகிரி குறுக்கே வருவார். ஆடு வளர்க்கிற பெரியவர். அவர் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆடு எதையாவது தின்றுகொண்டிருக்கும். "அணைக்கச் சொல்லாதீய டீச்சர். அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு."

அதை நான் எழுதிக் காட்டியதும், "ராயகிரி அண்ணாச்சி, உறக்கம் வந்தா ஒங்க ஆட்டு மேல சாஞ்சு படுங்க!" என்று கத்தினீர்கள். பதினாறு கட்டத்திலும் சிரிப்பு. நான் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாம் வாரம் மழை அளக்கச் சொன்னார்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகச் செருகி, அடியில் ஒரு கை சிமெண்ட் போட்டுச் சமமாக்கி, உங்கள் மாடியில் வைத்தீர்கள். அதற்குத்தான் என் ஸ்கேலை வாங்கினீர்கள். தினமும் காலை ஏழு மணிக்குப் பாட்டிலைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் என்று வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். மழை இல்லையென்றால் சைபர். யாரும் பார்க்கவில்லையென்றால் ஒரு கோடு.

சைபருக்கும் கோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிந்ததே நீங்கள் தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்த அன்றுதான். மூன்று நாளாக வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை. "சைபர் போட்டுரலாம் அத்தை. மழ பெய்யலன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

"ஊருக்குத் தெரியும். நான் பாத்தனா?"

"பாக்காட்டி என்ன?"

"சைபர்னா நான் பாட்டிலுகிட்டப் போயி குனிஞ்சு பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கோடுன்னா பாக்க ஆளில்லன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாட்டி? கோடு போடு."

கோடு போட்டேன். குழுவில் உங்களுக்கு இருந்த ஒரே கோடு அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஏழு மணிக்கு நீங்கள் சொன்ன அளவைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். குழாயடியில் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். ஆட்டோவில் ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். எனக்கு எல்லாமே பிறர் சொன்ன 'ஆம்'தான். நான் திரும்பி வந்தபோது உங்கள் வாசலில் செருப்புகள் கிடந்தன. உங்கள் மகன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். மத்தியானமே பிடித்த மழை நிற்கவே இல்லை. பந்தல் போட வந்தவர்கள் கயிறு கட்ட உங்கள் மாடிக்கு ஏறினார்கள். மழையில் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். தறிக்கூடத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். நம் தெருவில் முதல் தடவையாக மழைச் சத்தம் தனியாகக் கேட்டது. அதைக் கேட்க நீங்கள் இல்லை.

மறுநாள் காலையில் போனில் ராயகிரி கேட்டிருந்தார். "இங்கன முப்பத்தொண்ணு. சங்கரன்கோவில் எவ்வளவு?"

எங்கள் மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி உங்கள் மாடிக்குப் போனேன். கயிறு கட்டியவர்கள் பாட்டிலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். காலியாகச் சாய்ந்து கிடந்தது.

கோடு போட்டால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் நீங்கள் செத்துப்போனதை நான் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. சைபர் போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சைபர் போட்டேன். பாட்டிலை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அம்மா அன்றே சொன்னாள். "செத்தவ பேரு போன்ல எதுக்குட்டி? அழிச்சிரு." அழித்துவிட்டேன் என்றேன். அப்பா, "படிக்கத்தான் போனு வாங்கிக் குடுத்தது. இன்னொருவாட்டி வேற எதுக்காவது எடுத்தே, பிடுங்கி பீரோல வச்சிருவேன்" என்றார். சரி என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை பார்க்க மட்டும்தான் செய்வோம் என்று மாடிப்படியில் உட்கார்ந்து வகுப்பைத் திறந்தேன். கேமராவை அணைத்திருந்தேன். "சங்கரன்கோவில் வந்தாச்சா?" என்றார் டீச்சர். மறுபடி கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை, அத்தை. மைக்கை ஒரு நொடி திறந்து மூடினேன். தறிச் சத்தம் உள்ளே போனது. "வந்துட்டாங்க, சத்தமே சொல்லுது" என்று டீச்சர் சிரித்தார். கேமரா கெட்டுப்போச்சு என்று எழுதிப் போட்டேன். பிறகு பாடம் ஆரம்பித்தது. என் கை தன் பாட்டில் நோட்டில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தது. அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்று நினைவு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. உங்கள் மகன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் யாரும் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் வாரம் ஒருமுறை உங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் சொல்லிவிட்டால் அங்கேயும் கூப்பிடமாட்டார்கள். அதனால் தினமும் ஏழு மணிக்குத் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்து எழுதினேன். அந்த அளவுகள் எல்லாம் உண்மை. அந்த ஒரு நாள் மட்டும்தான் பொய்.

போன வாரம் டீச்சர் எல்லா ஊர் அளவையும் ஒரு வரைபடத்தில் போட்டுக் காட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை சுற்றிலும் நீலம், நடுவில் நம் ஊர் மட்டும் வெள்ளையாக ஓட்டை மாதிரி இருந்தது. "பாருங்க, சுத்தி அத்தனை ஊர்லயும் மழை. சங்கரன்கோவில் மட்டும் சைபர். மழை இப்படித்தான், ஒரு ஊரை அப்படியே விட்டுட்டுப் போகும்" என்று அதிலிருந்து ஒரு பாடமே நடத்தினார். பெரியவர்கள் எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். மேலநீலிதநல்லூர் காற்றின் திசையைப் பற்றிக் கேட்டார். ராயகிரி, "மேகத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் அன்னைக்கு என்ன சண்டையோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்து சேர்கிறவர்களுக்கும் இந்த வரைபடத்தைத்தான் காட்டப்போகிறார்களாம்.

இன்று மத்தியானம் டீச்சர் குழுவில் போட்டிருக்கிறார். "சங்கரன்கோவில், நாளைக்கு நீங்கதான் முதல்ல பேசணும். அந்த மழையில்லாத நாளைப் பத்தி அஞ்சு நிமிஷம். உங்களைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. கேமரா சரியாகலேன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க யார்கிட்டயாவது போன் வாங்கிக்கோங்க."

அதைப் பள்ளிக்கூட பஸ்ஸில் வாசித்தேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

வகுப்பிலிருந்து பேசாமல் வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதும் அந்த வெள்ளை ஓட்டை அங்கேயே இருக்கும். உங்கள் ஊர், உங்கள் அளவு என்று. நாற்பது வருஷத்து மழையைத் தவறவிட்டவர் நீங்கள். உங்களுக்காகப் பெய்த மாதிரி ஒரு மழை பெய்தது. அதையும் நான் இல்லை என்று எழுதிவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டுப் போனை எடுத்தேன், அத்தை. இப்படி அனுப்பினேன்:

"அந்தச் செவ்வாய்க்கிழமை சைபர் இல்லை, கோடு. மழை நன்றாகப் பெய்தது. பாட்டில் தட்டுப்பட்டுச் சாய்ந்துவிட்டது, அளக்க ஆளில்லை. சங்கரன்கோவில் அன்று காலையில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எழுதியது நான், பக்கத்து வீடு. எனக்குப் பதினாறு வயது. மற்ற நாள் எல்லாம் பார்த்துத்தான் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

இரண்டு டிக் விழுந்துவிட்டது. இனி அழித்தாலும் அழித்தது தெரியும். ஒருமுறை ராயகிரியின் பெயருக்குக் கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. பிறகு நின்றுவிட்டது. எவ்வளவோ நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப வரவில்லை. பெரியவர்கள் நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார்கள். டீச்சர் என்னை நீக்கிவிடலாம். அம்மாவுக்குப் போன் செய்யலாம். அப்பா போனைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். பயம் போகவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

ஜன்னல் வழியாக வானம் தெரிகிறது. மேகம் எதுவும் இல்லை. நாளைக்குச் சைபராகத்தான் இருக்கும் என்று இங்கே படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

சொல்லமாட்டேன். ஏழு மணிக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். குழுவில் நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பாட்டிலுகிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.