பனியன் துணியில் பிழிந்த உருளைக்கிழங்கு

சனி, ஐப்பசி 15

காலையிலிருந்து தூறல். மூக்கடைப்பு, மூன்றாவது நாள். பஞ்சுத் தூசியும் மழையும் சேர்ந்தால் எனக்கு இதே கதைதான்.

பனியன் கம்பெனியில் இன்று சுத்தம் செய்யும் வேலை. மேசையெல்லாம் காலி. வேஸ்ட் துணி வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு பை நிறைய வெள்ளைத் துணி. அடுப்படிக்கு ஆறு மாதத்துக்குக் காணும். இந்த ஊரில் கரித்துணியைக் கடையில் வாங்கினவர் யாரும் இல்லை.

சாயங்காலம் ரேவதி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தம்பி மனைவி; நாத்தனார் என்பதால் என்னை நங்கையா என்பாள். ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு முறை தங்காமல் போய், இப்போதுதான் இது. போனில் ஒரு வீடியோ காட்டினாள். துருவின உருளைக்கிழங்கைத் தட்டி மொறுமொறுவென்று சுடுகிறார்கள். ஹாஷ் பிரவுனாம்.

"இது சாப்பிடோணும்னு இருக்குதுங்க நங்கையா. காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சோத்துக்கும் நடுவால சாப்பிடறதாமா. பிரஞ்ச்னு சொல்றாங்க."

என்னிடம் அவள் வாய்விட்டு ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கே செய்து தருகிறேன் என்றேன்.

வாங்க: உ.கிழங்கு 1 கிலோ. சோளமாவு. தக்காளி சாஸ். மிளகுத்தூள் வீட்டில் இருக்கிறது. மூக்குக்குத் தைலம்.

ஞாயிறு, 16

தம்பிக்கு இன்றும் வேலை. அவசர ஷிப்மெண்ட்.

கிழங்கைத் துருவி மூன்று தண்ணீரில் அலசினேன். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது, நன்றாகப் பிழிய வேண்டும் என்று வீடியோவில் நாலு தரம் சொன்னார்கள். நேற்றுக் கொண்டுவந்த பையிலிருந்து மேலாக இருந்த துணியை எடுத்து மூட்டை கட்டி முறுக்கினேன். ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கியது. துணி என்றால் பனியன் துணிதான்.

வெங்காயம், மிளகாய்த்தூள், சீரகத்தூள், மிளகு, கறிவேப்பிலை, சோளமாவு. தோசைக்கல்லில் மிதமான தீ. முதல் இரண்டையும் அவசரப்பட்டுத் திருப்பிப் பிய்த்துவிட்டேன். அப்புறம் கை பழகியது. பதினோரு மணிக்கு அவள் தட்டில் நான்கு, நல்ல பொன்னிறம். பக்கத்திலேயே நின்றேன்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்பறம் என்ன இழுத்துட்டே இருக்கிற? ஆறிப்போயிரும், தின்னு."

நான்கையும் தின்றாள். பிய்ந்ததை நான் தின்றேன். மூக்கடைப்பில் எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. ஆனாலும் மனசு நிறைவு.

திங்கள், 17

இன்று என் எழுத்து எனக்கே புரியவில்லை.

மத்தியான சாப்பாட்டு நேரம். கறை எடுக்கும் மேசையில் இருக்கிற மீனா, திருநெல்வேலிக்காரி, வந்து கேட்டாள்.

"எக்கா, எம் மேசையில ஒரு வெள்ளத் துணிய மடிச்சு வச்சிருந்தேன். காங்கல. நீங்க எடுத்தியளா?"

எண்ணெய்க் கறை பட்ட பனியனில் ஸ்ப்ரே கன்னால் மருந்து அடிப்பார்கள். அடியில் ஒரு துணி மடித்துப் போட்டிருப்பார்கள். மருந்தெல்லாம் அதில்தான் இறங்கும். சனிக்கிழமை அவள் மேசையை ஒதுங்க வைத்தது நான். கடைசியாகப் பையில் போட்டதும் அந்தத் துணியைத்தான்; மேலாக இருந்தது அதுதான்.

மருந்து டின்னைப் போய்ப் பார்த்தேன். மண்டையோட்டுப் படம். கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ. பத்து வருடமாக அந்த டின்னைத் தாண்டித்தான் போய் வருகிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

நானும் தின்றேன். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இல்லாததால் அவளுக்கும் இருக்காது. ஆனால் நான் தின்றது பிய்ந்த துண்டு. அவள் நான்கு. அவள் வயிற்றில் இன்னொன்று.

அரை நாள் லீவு சொல்லி வந்துவிட்டேன். ரேவதி சோபாவில் படுத்திருந்தாள்.

"கொழந்தை அசையுதா கண்ணு?"

"அசையுதுங்க."

அரை மணிக்கு ஒரு தரம் கேட்டேன். "ஏனுங்க நங்கையா, இன்னைக்கு இத்தனை வாட்டி கேக்கறீங்க?" சும்மாதான் என்றேன். சொல்ல வாய் வரவில்லை. தம்பி முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

போன வருடம் பெரியப்பா ஊட்டுக் கல்யாணத்தில், பந்தியில் வைத்து, இவளைப் பார்த்து நான் சொன்னது: "உன் வயித்துல சோறு மட்டுந்தான் தங்குமாட்ட இருக்குது." நாலு பேர் சிரித்தார்கள். அது பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சாமி, அந்தப் பேச்சைக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

செவ்வாய், 18

காலை ஏழு மணி. மாடியில் வாந்தி எடுக்கிற சத்தம். ஓடினேன். வாசற்படியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி, மருந்து, டின், படம். ரேவதி வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஷிப்டு முடிந்து இன்னும் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி.

டின்னைப் போட்டோ எடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டரம்மா பெரிதாக்கிப் பார்த்தார். யாருக்கோ போன் செய்தார். வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். ஒரு நிமிடம் கரகரவென்று சத்தம் மட்டும். அப்புறம் தடதடவென்று கேட்டது.

"துடிப்பு நல்லா இருக்குதுங்க. சுடும்போது முக்கால்வாசி ஆவியாப் போயிருக்கும். அசைவு கொறைஞ்சா மட்டும் உடனே வாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது அழுதுகொண்டே வந்தேன். பாதி வழியில் ரேவதி வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மொத வாயிலயே மண்ணெண்ணெ வாசம் அடிச்சுதுங்க நங்கையா."

"அப்பறம் ஏன் தின்ன?"

"நீங்க நின்னுட்டு இருந்தீங்க. வேண்டாம்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயமா இருந்துதுங்க."

வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு, தெரிந்தே, நான்கு துண்டு. மருந்தைவிட அவளுக்கு என்மேல் பயம்.

வீட்டுக்கு வந்தோம். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.