உங்கள் கேக்குக்கு என் பெயர்

அக்கா,

இன்று காலை ஓவனுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பேக்கிங் தாள், அளவுக் கரண்டிகள், இற்றுப்போன ரப்பர் வளையங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் உங்களுடைய டைபாய்டு ஊசி அட்டை கிடந்தது. பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். உறை முழுக்க வெண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் வாசம் வருகிறது. திருப்பிப் பார்த்தேன். அடுத்த ஊசிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சட்டப்படி நீங்கள் இன்னும் எட்டு மாதம் மாவு பிசையலாம். கருமாதி முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று அந்த அட்டைக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உங்கள் மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் மேல்.

நீங்கள் குனோங் ராபாட்டுக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தபோதுதான் நமக்குப் பழக்கம். உங்கள் வீட்டுப் பின்கதவுக்கு நேர் எதிரே என் வீட்டுப் பின்கதவு, நடுவில் ஒரு கால்வாய். நீங்கள் கூலி வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் விற்று ரப்பர் மரங்களை வெட்டிய பிறகு, ஈப்போவில் ஒரு சீனர் ரொட்டிக் கடையில் இருபது வருடம் தட்டுக் கழுவியிருக்கிறீர்கள். கடை முதலாளி தவுக்கே உங்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நீங்களே பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். அந்த ரொட்டிக் கடையை மூடிய பிறகு ஒரு நாள் என் பின்கதவைத் தட்டி, ஒரு துண்டு சூஜி கேக்கை நீட்டினீர்கள். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாமை இடித்துப் போட்டது. வாயில் வைத்ததுமே, "அக்கா, இத விக்கலாம்" என்றேன்.

நீங்கள் உடனே தலையாட்டவில்லை. "லைசென்ஸ் எடுத்துச் செய்யலாம்னா சொல்லு, செய்யலாம். ஒளிச்சு மறைச்சு விக்கறது எனக்கு வேணாம்லா. நான் பொறந்ததே யாருக்கும் தெரியாமப் பொறந்த மாதிரிதான் ஆயிருச்சு."

அந்தக் கதையை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, உங்கள் அப்பா நேரத்தில் டவுனுக்குப் போய்ப் பதியாமல் விட்டு, பிறப்புப் பத்திரம் இல்லாமலே வளர்ந்து, கடைசியில் கையில் கிடைத்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. இங்கேயே பிறந்தவருக்கு, இங்கே தங்கிக்கொள்ள மட்டும் அனுமதி. குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி கேட்டு மூன்று முறை மனுப் போட்டு, மூன்று முறையும் கடிதம் திரும்பி வந்திருக்கிறது. ஓட்டு இல்லை. கேட்ட இடத்தில் கடன் இல்லை. மலிவு வீட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனால், ஐசியைப் பார்த்ததுமே முகம் மாறிவிடும். நீங்கள் அதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

நான் வக்கீல் ஆபீஸில் இருபத்தாறு வருடம் எழுத்து வேலை பார்த்தவள். தோட்டத்துப் பேச்சில் நீங்கள் என்னைக் கிராணியம்மா என்று கிண்டல் செய்வீர்கள். நம் வீட்டு வரிசையில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். மலாயில் எழுதுவேன், இங்கிலீஷில் எழுதுவேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தத் தலைக்கனத்தோடுதான் உங்களுக்கு விதிமுறை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

முதலில் வியாபாரத்தைப் பதிய வேண்டும் என்றேன். பிறகு உணவு கையாளும் பயிற்சிக்கு ஒரு நாள் போக வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும், வீட்டுச் சமையலறையில் செய்து விற்க நகர மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி வலை, மூடி போட்ட குப்பைத்தொட்டி, பூனை உள்ளே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்தபோது நானே சொன்னேன், "உங்க ஐசி சிவப்புக்கா. உங்க பேர்ல முடியாது."

"தெரியும்மா. உன் பேரயே போடு. பேரா இனிக்கப் போகுது? கேக்குதானே இனிக்கணும்."

உங்கள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும், ஊருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறவள் நான். அன்றைக்குத் திருப்பவே இல்லை. சிவப்பு ஐசியைப் பார்த்தால், கவுண்டரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே நாமே முடியாது என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். அத்தனை வருடம் அத்தனை கவுண்டரில் கேட்டுக் கேட்டு, கேட்காமலே நமக்குப் பதில் தெரிந்துவிட்டது. நீங்கள் அப்படி எழுந்து வந்ததில் நியாயம் இருந்தது. நீல ஐசி வைத்திருந்த எனக்கு என்ன நியாயம்?

பயிற்சிக்கு இரண்டு பேரும் போனோம். உங்கள் சிவப்பு ஐசியை வாங்கிப் பார்த்த பெண் ஒன்றுமே சொல்லாமல் பெயரை எழுதிக்கொண்டாள். ஊசி போட்ட இடத்திலும் அப்படித்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீங்கள் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, கார் வீடு வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தீர்கள். "இதுல என் பேரு சரியாப் போட்டிருக்கானான்னு பாரு" என்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் படித்துச் சொன்னேன்.

அனுமதி என் பெயரில், என் வீட்டு விலாசத்தில். அதனால் உங்கள் ஓவன் என் சமையலறைக்கு வந்தது. அதன் பின்னாலேயே நீங்களும் வந்தீர்கள். தினமும் காலையில் பின்கதவைத் தட்டி, "வரலாமா கிராணியம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். கேட்பதை நீங்கள் நிறுத்தவில்லை. சாயங்காலம் போகும்போது மேடையை நான் துடைப்பதைவிட நன்றாகத் துடைத்து, உங்கள் துணியைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

பரிசோதனைக்கு அதிகாரி வந்த நாளும் நினைவிருக்கிறது. நல்ல மனிதர், சிடுசிடுப்பு இல்லை. வலையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மாவு டின்னைத் திறந்து பார்த்தார். கடைசியில் உங்களைக் காட்டி, "இனி சியாப்பா?" என்று கேட்டார். இவர் யார் என்று கேட்டால் ஆயிரம் பதில் இருந்தது. கேக் இவருடையது என்று சொல்லியிருக்கலாம். கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். வெறுமனே அக்கா என்றாவது சொல்லியிருக்கலாம். எங்கே ஏதாவது சிக்கலாகிவிடுமோ என்று பயந்து, "பெம்பாந்து சாயா" என்றேன். என் வேலையாள்.

உங்களுக்கு மலாய் என்னைவிட நன்றாகப் புரியும். அவர் போன பிறகு முட்டையை உடைத்துக்கொண்டே சொன்னீர்கள், "பரவால்லலா. தோட்டத்துல கூலின்னாங்க, கடையில கழுவறவன்னாங்க, இங்க பெம்பாந்து. ஏறிக்கிட்டுத்தான் போறேன்." நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இனிமேல் எழுதப்போவது உங்களுக்குத் தெரியாதது. நீங்கள் இருக்கும்போது சொல்லத் துணிவு வராதது.

மூன்றாவது வருடம் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நாற்காலியில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு தவித்தாள். பழக்க தோஷம், வாங்கிப் பார்த்தேன். இந்த முறை பின்பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியே அதுதான். பதிவு செய்கிறவர் மலேசியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். நிரந்தரவாசி என்றால் சிவப்பு ஐசி. நீங்கள்.

என் எண் வந்ததும் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சிவப்பு ஐசிக்காரர் தம் பெயரில் பதியலாமா? "போலே, காக்." பதியலாமாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "டாரி டூலு லாகி." முன்பிருந்தே. ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் என் பெயரில் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் உங்களிடம் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், இது சத்தியம். வீட்டுக்கு வந்தால் வாசலில் இரண்டு பெண்கள். கோயில் மாதர் பிரிவிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்து முன்னேறிய பெண் என்று எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம், நான் பேச வேண்டுமாம். நீங்கள் உள்ளேயிருந்து தேநீரும் கேக்கும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனீர்கள். ஒருத்தி கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "என்னா கைப்பக்குவம் அக்கா உங்களுக்கு!" என்றாள். நான் மறுக்கவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பெயரை எழுதியே கை தேய்ந்தவள். முதல் முறையாக ஒரு தாளில் என் பெயர், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். டப்பாவில் ஒட்டும் காகிதத்தில் என் பெயர், என் படம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வாசலில் ஆள் நிற்கும். அதை இறக்கிவைக்க மனசு வரவில்லை. ஆசைதான் அக்கா. வேறு நல்ல சொல் போட்டு மூடப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தீபாவளி போகட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கல் போகட்டும் என்று நினைத்தேன். மாதர் பிரிவு மேடையில் பேசிவிட்டு வந்த பிறகு, சொல்லலாம் என்று நினைப்பதையும் விட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையெல்லாம் வீங்கிக் கிடந்தீர்கள். அப்போதும் ரவையை எவ்வளவு நேரம் ஊறவைத்தேன் என்றுதான் விசாரித்தீர்கள். நான் கிளம்பும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நீங்கள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டீர்கள்.

"ஏம்மா, அந்த லைசென்ஸுல என் பேரயும் ஒரு ஓரத்துல போட முடியுமான்னு கேட்டுப் பாக்கறியா? பேரன் புள்ளைங்க பாத்தா, நம்ம பாட்டி பேருன்னு சொல்லுவாங்கல்ல. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல."

அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சும்மா பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து, "ரூல்ஸ் எடங்கொடுக்காதுக்கா" என்றேன்.

"சரிம்மா" என்றீர்கள். கையையும் நீங்களே விட்டீர்கள். அடுத்த வாரம் எல்லாம் முடிந்துவிட்டது.

கூட்டாகப் பதிய இரண்டு ஐசியும் இரண்டு கையெழுத்தும் போதும். அந்தப் படிவத்தை நான் அரை மணி நேரத்தில் எழுதி முடித்திருப்பேன். தோட்டம் செய்ததற்கும், அரசாங்கம் செய்ததற்கும், தவுக்கே செய்ததற்கும் உங்களிடம் பதில் இருந்தது, சிரித்துக் கடந்துவிட்டீர்கள். இதை மட்டும் ரூல்ஸ் என்று நம்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த "சரிம்மா"வைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன். ரவையை ஊறவைக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது.

இன்று மத்தியானம் பாகான் செராயிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மகள் கல்யாணத்துக்கு அறுபது டப்பா சூஜி கேக் வேண்டுமாம். "போன வருசம் எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல சாப்பிட்டோம்கா. அந்தக் கைதான் வேணும்னு எங்க மாமியார் ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நீங்கதானே செய்வீங்க? வேற யாரும் இல்லல்ல?"

"நான்தாம்மா. வேற யாரும் இல்ல" என்றேன்.

போனை வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து, கிராணி புத்தியோடு ஒரு தடவை சரிபார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. முதல் வரியில் சேர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உங்கள் மகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.