பதினோரு ரஸ்க்கும் ஒரு பானைக் களியும்

ரோட்டர்டாம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் யோரிண்டெக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் மழை வந்தால் மக்கர் செய்கிறது. வெலிங்டனில் நீயும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம்தானே?

முப்பத்தோரு வருஷமாகப் பிரசவமான வீடுகளுக்கு எட்டெட்டு நாள் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற எனக்கு இந்த வாரம் மூக்குடைந்தது. எரித்திரியாவிலிருந்து வந்து ஏழு மாதமே ஆன லெத்தாய்க்குப் பெண் குழந்தை. வழக்கம்போல் முதல் வேலையாகக் கட்டிலுக்குக் கட்டை வைத்து உயர்த்தினேன், என் இடுப்பு பிழைக்க வேண்டாமா? அவள் புருஷன் ஃபில்மோன், "உருண்டு விழுந்துட்டா யாரும்மா பொறுப்பு?" என்று நான் கிளம்பியதும் கட்டையை உருவிவிடுவான், மறுநாள் நான் வருமுன் திரும்ப வைத்துவிடுவான். ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, பெண் பிள்ளை என்பதால் நம் ஊர் வழக்கப்படி இளஞ்சிவப்புச் சோம்பு மிட்டாய் தூவித் தினமும் கொடுத்தேன், தட்டு காலியாகத் திரும்பி வந்தது, எனக்கு ஒரே பெருமை. ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் பார்க்கலாம் என்று கதவில் படம் வரைந்து ஒட்டியிருந்தேன். அவர்கள் மாதாகோயில் பெண்கள் ஏழு பேர் பானையோடு வந்து, வந்தால் எல்லோரும் சேர்ந்துதான் என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே வந்தார்கள், இரண்டு நாளும் விரட்டினேன்.

நாலாம் நாள் குழந்தையின் எடை ரொம்ப இறங்கிவிட்டது. நாளைக்கும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிதான் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். லெத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தால், நான் உயர்த்திய கட்டிலுக்கடியில் பதினோரு ரஸ்க், ஒரு மிட்டாய்கூட உதிராமல் வரிசையாக இருக்கிறது! ஃபில்மோன் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதாம்மா ஒளிச்சு வெச்சா, பிள்ளை பெத்தவ காஞ்ச ரொட்டிய எப்படித் திம்பா?" என்றான்.

படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்றும் பானையோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தவர்களை நானே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். ஏழு பேரும் ஏறி வந்து அவர்கள் வழக்கப்படி பெண் பிள்ளைக்கு மூன்று குலவை போட்டார்கள், கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். பானையில் பார்லிக் களி, நடுவே குழித்து உருக்கிய வெண்ணெய், சுற்றிலும் மிளகாய்ப்பொடி. லெத்தாய் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். நான் குறிப்பேட்டை எடுத்தேன், பானையைத் தூக்கி வந்த அப்ரெஹெத், "எழுதினது போதும், வாயத் திற" என்று எனக்கும் ஊட்டிவிட்டாள். காரத்தில் காதில் புகை வந்தது. மறுநாள் குழந்தை நாற்பது கிராம் ஏறியிருந்தாள். களியாலா, பால் தானாகவே சுரக்கும் நாள் அதுதானா என்று கேட்காதே.

பிரசவமாகி இரண்டு வாரம் யாரும் வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், யாரை நொந்துகொள்வது? சரி, உள்ளே வரமாட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று, பானையோடு உன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நிறைவாக இரு, கண்ணே. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கதவில் படம் கிடம் ஒட்டாதே.

உன் அம்மா,
வீட்ஸ்கெ